சேர் பொன்னம்பலம் அருணாசலம்: பிறர் நாகரிகத்தினிடையே பிறழாது நின்ற சைவர்

ஒருவன் தன் ஊரிலே, தன் சுற்றத்தார் நடுவிலே, கோயில் மணியோசை செவியில் விழும் எல்லைக்குள்ளே இருந்துகொண்டு சமயாசாரம் பேணுதல் எளிது. எல்லாரும் திருநீறு தரிக்கும் வீதியிலே தானும் திருநீறு தரித்து நடப்பதற்குப் பெரிய மனவலி வேண்டியதில்லை. மொழி வேறு, உணவு வேறு, உடை வேறு, வழிபாடு வேறாய ஒரு நாட்டிலே, தன்னை அறிவார் ஒருவருமின்றித் தனித்து வாழும்போதுதான் ஒருவனுடைய சமயமும் ஒழுக்கமும் உண்மையாக அவனுடையனவா, அன்றி ஊரார் கண்ணுக்கு அஞ்சிக் கொண்ட வேடமா என்பது வெளிப்படும். அங்கு வரும் இடர் பகைவடிவாக வருவது சிறுபான்மை. நட்பாகவும், கல்வியாகவும், பதவியாகவும் வருவதே பெரும்பான்மை. பகையை எதிர்ப்பவன் விழிப்போடு இருப்பான். உபசாரத்தை எதிர்ப்பார் யார்?

இவ்வாறான சோதனையிலே இளமையிற் புகுந்து, வாழ்நாள் முழுவதும் அதனுள்ளேயே நின்று, கொண்டவற்றுட் கொள்ளத்தக்கதைக் கொண்டு, காக்கவேண்டியதைக் காத்த ஒருவர் நம்மிடையே வாழ்ந்தார். அவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். அவரை அரசியற்றலைவராக அறிந்தோர் பலர். சைவராக அறிந்தோர் சிலரே. ஆதலின் அவர் சரித்திரத்தை இவ்வகையால் நோக்கி இங்கே சுருக்கமாக எழுதுவோம்.

குடியும் இளமையும்

அருணாசலம் அவர்கள் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார், யாழ்ப்பாணத்து மானிப்பாயைப் பூர்வீகமாக உடையவர். கொழும்பு மாநகரிலே அரசாங்க மதிப்பும் செல்வமும் பெற்றிருந்தும், அவற்றைத் தம் சுகத்துக்கே ஆக்காமல், கொச்சிக்கடையிலே சிவபெருமானுக்கு ஆலயம் எடுப்பித்தவர். பொன்னம்பலவாணேசுவரம் எனப் பெயர்பெற்ற அவ்வாலயமே பின்னர் அவர் புதல்வர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களாற் கருங்கற் றிருப்பணியாகப் புதுக்கப்பெற்றது. தாயார் செல்லாச்சி அம்மையார், இலங்கைச் சட்டநிரூபண சபையிலே தமிழருக்கு முதற் பிரதிநிதியாயிருந்த குமாரசுவாமி முதலியாருடைய புத்திரி. குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்னும் சகோதரர் மூவருள் இவர் இளையவர்.

அக்காலத்து இலங்கையிலே ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் பாதிரிமார் கையிலேயே இருந்தது. 1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசனார் 1823இலே வட்டுக்கோட்டையிற் கல்விச்சாலை நிறுவினர். அங்கு உயர்ந்த கல்வியுங் கிடைத்தது. அக்கல்வியோடு புதுச் சமயமும் புதுப்பெயரும் கிடைத்தன. பழந்தமிழ் நூல்களை அச்சிட்டு அழியாப்புகழ் பெற்ற தாமோதரம்பிள்ளை அவர்கள் பெயருக்கு முன்னும், அவரோடு சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதற் பட்டம்பெற்ற விசுவநாதபிள்ளை அவர்கள் பெயருக்கு முன்னும் அந்நியநாட்டுப் பெயர்கள் நின்றமை யாவரும் அறிந்ததே. பெயர் மாறினாற் படிக்கலாம்; படித்தால் உத்தியோகம் பெறலாம்; உத்தியோகம் பெற்றாற் குடும்பம் உயரும். இந்த மூன்று படிகளையும் ஒரே ஏணியாக வைத்திருந்தது அக்காலம். தாமோதரம்பிள்ளை அவர்கள் பின்னாளிற் சைவத்துக்கே மீண்டார்கள். மீளாதார் பலர்.

அருணாசலம் அவர்களுக்கு அவ்வேணியில் ஏறவேண்டிய நிருப்பந்தம் இருந்ததில்லை. பிற்காலத்திலே றோயற் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியிலே, போக் என்னுந் தலைமையாசிரியரிடத்திலே கற்றார். அரசினர் கல்லூரியாதலால் அங்கே பெயர் மாற்றம் வேண்டப்படவில்லை. வீட்டிலே ஆலய நினைவு. பள்ளியிலே இலத்தீன், கிரேக்கம், கணிதம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளாமல் ஓர் இளைஞனுள்ளத்தில் வளர்ந்தன. 1870ஆம் ஆண்டு, பதினேழு வயதினராயிருக்கும்போது, இங்கிலாந்து சென்று கற்பதற்குரிய அரசாங்கப் புலமைப்பரிசிலைப் பெற்றார்.

மாமனார் காட்டிய வழி

அவருக்கு முன்னரே அக்குடும்பத்தில் ஒருவர் அந்நாட்டை மிதித்துத் தம் சமயம் மறையாமல் நின்றிருந்தார். அவர் தாயாருடைய சகோதரராகிய சேர் முத்துக்குமாரசுவாமி அவர்கள். அக்காலத்திலே இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆவோர் கிறிஸ்தவரும் யூதருமாகவே இருந்தனர். 1862ஆம் ஆண்டிலே வங்காளத்து ஞானேந்திரமோகன் தாகூர் என்பார் லிங்கன்ஸ் இன் என்னுஞ் சட்டச் சங்கத்திலே பாரிஸ்டராயினர். அவர் முன்னரே கிறிஸ்தவ சமயந் தழுவியவர். அடுத்த ஆண்டாகிய 1863இலே அதே சங்கத்தில் முத்துக்குமாரசுவாமி அவர்கள் பாரிஸ்டராயினர். அவர் சைவராகவே புகுந்து சைவராகவே வெளிவந்தார். கிறிஸ்தவரும் யூதரும் அல்லாதார்க்கு அவ்வாயில் திறந்தது அவராலேயே.

அவ்வாண்டிலேயே அவர் செய்த மற்றொரு காரியமும் நினைக்கத்தக்கது. அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இலண்டனிலே வெளியிட்டார். நாடிழந்து, மனைவி மைந்தரை விற்று, காசியென்னும் அயலூரிலே சுடலை காக்கும் அடிமையாகியும் வாய்மை தவறாத அரசனுடைய சரித்திரம் அது. தன் நிலையை முற்றும் இழந்த இடத்திலே தன் வாக்கை இழவாமையே அதன் கருத்து. அயல்நாட்டில் நின்ற ஒரு சைவர், தமது நாட்டைப்பற்றி அயலார்க்கு முதன்முதற் சொல்வதற்கு இச்சரித்திரத்தைத் தெரிந்தெடுத்தமை தற்செயலன்று. மருமகராகிய அருணாசலம் அவர்கள் வாழ்க்கையும் இக்கருத்தின் வழியே சென்றதை மேலே காண்போம்.

கேம்பிறிட்ஜ் வாசம்

சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டு அதிக காலம் கழியவில்லை. கடல் கடந்து செல்லுதல் ஆசாரத்துக்கு ஏலாதென்று எண்ணுவோர் இந்தியாவிலும் இலங்கையிலும் பலர் இருந்தனர். அவர் அஞ்சியது முற்றும் பொய்யுமன்று. சென்றோர் பலர் முன்னையவராய் மீளவில்லை. அருணாசலம் அவர்கள் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கிறைஸ்ற் கல்லூரியிற் சேர்ந்தார். முற்காலத்திலே மில்ற்றன் என்னும் மகாகவியும், பின்னர்ச் சாள்ஸ் டார்வின் என்னும் இயற்கை நூலறிஞரும் பயின்ற கல்லூரி அது.

அவர் சென்ற காலம் அப்பல்கலைக்கழகத்துக்கே ஒரு திருப்பமான காலம். அதுவரையில் இங்கிலாந்துத் திருச்சபைக் கொள்கையை ஒப்புக்கொள்ளாதார்க்கு அங்கே உயர்ந்த பட்டங்களும் பதவிகளும் அடைபட்டிருந்தன. 1871ஆம் ஆண்டு பாராளுமன்றம் இயற்றிய சட்டமொன்று அத்தடையைப் பெரும்பாலும் நீக்கியது. அதே ஆண்டிலே டார்வின் மனிதனுடைய தோற்றத்தைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். பழைய நம்பிக்கைகள் அந்நாட்டாருள்ளேயே அசையத் தொடங்கின. குருப்பட்டம் பெற்றோரே அதனைத் துறந்தனர். கற்றோர் சபைகளிலே கடவுள் உண்மை விவாதப் பொருளாயிற்று.

இங்கே நம்மவர் கருதவேண்டியது ஒன்று உண்டு. பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பும் பெற்றோர், அங்குள்ளோர் அவர்களைத் தம் மதத்துக்கு இழுத்துக்கொள்வரோ என்றே அஞ்சுகின்றனர். ஒரு மதத்திலிருந்து மற்றொரு மதத்துக்குச் செல்பவனிடத்திலே கடவுளென்னுஞ் சொல்லாவது எஞ்சும். எம்மதமும் வேண்டா, எதுவும் மெய்யன்று, உண்டு உடுத்து உயர்ந்த பதவி பெறுவதே போதும் என்னும் மனநிலை அதனினுங் கொடிது. அருணாசலம் அவர்கள் எதிர்நின்றது இவ்விரண்டாவது இடரையே. அவர் ஆசிரியரும் தோழரும் சந்தேகத்தைக் கல்விக்கு அடையாளமாகக் கொண்ட காலத்திலே, அவர்தம் நூல்களை எல்லாம் கற்று, அவர்தம் பரீட்சைகளிற் சிறந்து, அவர்தம் நட்பையும் பெற்று, தம் சமயத்தைக் கைவிடாது மீண்டார்.

அவ்வாறு மீளக் காரணம் என்னை? அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தமையன்று. ஆராய்ச்சிக்கு அஞ்சுஞ் சமயம் தம் சமயம் என்று அவர் நினைக்கவில்லை. நம் சைவசித்தாந்த நூல்கள் அளவைகளை முதலில் நிறுத்தி, பிறர் கொள்கையை எடுத்துரைத்து, ஆராய்ந்து, அதன் பின்னரே தம் முடிபைக் கூறுவன. தடைவிடைகளால் நடக்கும் அந்நெறிக்கு வினாவுதல் புதிதன்று. ஆகவே அங்கே கேட்ட வினாக்கள் அவரைத் தம் நூல்களுக்குள்ளே மேலும் ஆழமாகப் புகுமாறு செய்தனவேயன்றி, அவற்றை எறியுமாறு செய்யவில்லை.

கேம்பிறிட்ஜிலே அவருக்குக் கிடைத்த நட்பினருள் எட்வேர்ட் காப்பென்டர் என்பார் ஒருவர். அவர் திருச்சபைக் குருவாயிருந்து, மனச்சான்றுக்கு மாறாக அப்பதவியில் இருத்தல் தகாதென்று 1874ஆம் ஆண்டிலே அதனைத் துறந்தவர். பின்னர் எளிய வாழ்வையும் உழைப்பையும் மேற்கொண்டு புகழ்பெற்ற எழுத்தாளரானவர். தம் சமயத்தின் புறவேடத்தைத் துறந்து உண்மையைத் தேடிய ஆங்கிலேயரும், தம் சமயத்தைத் துறவாது அதன் உண்மையைத் தேடிய தமிழரும் நண்பராயினர். அந்நட்பு வாழ்நாள் முழுவதும் நிலைத்தது.

உத்தியோக வாழ்க்கை

1875ஆம் ஆண்டு அருணாசலம் அவர்கள் லிங்கன்ஸ் இன்னிலே பாரிஸ்டரானார். அவ்வாண்டிலேயே இலங்கைச் சிவில் சேவைப் பரீட்சையிலுந் தேறினார். போட்டிப் பரீட்சையால் அச்சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் அவரே. சட்டத்தொழிலே அவருக்கு விருப்பமாயிருந்தும், மாமனாருடைய வேண்டுகோளுக்கு இணங்கி உத்தியோகத்தை ஏற்றார்.

அந்நிய நாட்டு வாசம் ஐந்தாண்டோடு முடிந்ததென்று எண்ணற்க. ஐந்தாண்டு கடல் கடந்து வாழ்ந்தார். அதன்பின் முப்பத்தெட்டாண்டு கடல் கடவாமலே அந்நியர் நடுவில் வாழ்ந்தார். சிவில் சேவை என்பது ஆங்கிலேயருடைய வீடு. அதன் மொழி, உடை, விருந்து, விளையாட்டு, பழக்கம் யாவும் அவருடையன. அதிலே புகுந்த தமிழர் ஒருவர் தம்மையும் ஆங்கிலேயராகப் பாவித்து ஒழுகினால் ஒருவரும் வியந்திரார். தம்மவரை இழிவாகப் பேசி மேலோர் தயவைப் பெறுதல் அக்காலத்து உத்தியோகத்தர் பலர்க்கு வழக்கமாயிருந்தது. அருணாசலம் அவர்கள் அவ்வழியை நாடவில்லை. கச்சேரியிலே கடமை தவறாத உத்தியோகத்தர், வீட்டிலே தமிழர், ஆலயத்திலே அடியார் என்னும் நிலையில் நின்றார். தம் புதல்வருக்கு மகாதேவன் முதலிய பெயர்களையே இட்டார். அம்மகாதேவன் அவர்களும் பிற்காலத்தில் நாட்டிலே பெரும்பதவி வகித்து அப்பெயருக்குப் பெருமை சேர்த்தார்.

இலங்கையின் பல நகரங்களிலே அவர் நீதிபதியாயிருந்து வழக்குத் தீர்த்தார். தலைமை நீதிபதியாயிருந்த சேர் ஜோன் பட் பியர் அவர்கள் இவருடைய தீர்ப்புக்களை உயர்வாக மதித்தார். 1887ஆம் ஆண்டிலே தேசாதிபதி சேர் ஆதர் கோடன் அவர்கள், தம்மினும் மூத்த ஐரோப்பிய உத்தியோகத்தர் பலர் காத்திருக்க, இவரைப் பதிவாளர் நாயகமாகவும் மேல்மாகாணப் பிஸ்காலாகவும் நியமித்தார். அந்நியமனம் பலர்க்குக் கசந்தது.

பதிவாளர் கந்தோர் என்பது சாதாரண இடமன்று. ஏழையொருவன் தன் ஆயுட்காலத்து உழைப்பினாலே வாங்கிய அரைப் பரப்புக் காணிக்கும் அங்கேயுள்ள பதிவே காவல். உறுதி பதியப்படாது தாமதித்தாலும், பதிவு மறைந்தாலும், ஓர் எழுத்து மாறினாலும் அவன் குடும்பம் தெருவிலே நிற்கும். இவர் பொறுப்பேற்றபோது அக்கந்தோர் சீர்கெட்டிருந்தது. பதிவுப் புத்தகங்கள் ஒழுங்கின்றிக் கிடந்தன. கையூட்டுக் கொடுத்தார்க்கு விரைவும் கொடாதார்க்குத் தாமதமும் வாய்த்தன. இவர் பதிவுமுறைகளை ஒழுங்குசெய்தார், வேண்டிய உறுதியை விரைவில் எடுத்துக் காணும்படி அட்டவணைகளை அமைப்பித்தார், ஊழலை அடக்கினார். சிற்றூழியருடைய நலத்தையும் மறவாமல், அவர்கள் இடர்க்காலத்துக்கு உதவும் நிதியொன்றும் வாசிகசாலையும் ஏற்படச் செய்தார். ஊழியன் பசியால் வாடும்போது அவனை நேர்மையனாயிரு என்று சொல்லுதல் மாத்திரம் போதாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

சமயம் வேறு, அலுவல் வேறு என்று பிரித்து வாழ்வோர் இதனை ஊன்றிக் கருதுக. காலையிலே சிவபூசை செய்துவிட்டுப் பகலிலே கையூட்டு வாங்குபவன் அந்நியருக்கு நம் சமயத்தைப் பற்றிச் சொல்லும் செய்தி என்ன? அந்நியன் நம் ஆகமங்களைப் படிப்பதில்லை. நம் புராணங்களைக் கேட்பதில்லை. அவன் படிக்கும் சைவநூல் நாமே. அருணாசலம் அவர்கள் திறமையையும் நேர்மையையும் கண்ட ஆங்கிலேயர், அவர் சமயத்தை அறியாதாராயினும் அதனை இகழக் கூசினர்.

1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தும் பொறுப்பும் இவர்மேல் வந்தது. எண்களை மாத்திரம் தொகுத்து வைப்பதோடு அவர் நின்றாரல்லர். இலங்கையிலுள்ள சாதியார், மொழியார், சமயத்தார் எல்லாருடைய வரலாறும் வழக்கமும் கொண்ட பெருநூலாக அவ்வறிக்கையை எழுதினார். சைவத்தைப்போலவே பௌத்தத்தையும் இஸ்லாத்தையும் மதிப்போடு விளக்கினார். தன் சமயத்தில் உறுதியுடையவன் பிற சமயத்தை இகழவேண்டியதில்லை என்பதற்கு அவ்வறிக்கை ஒரு சான்று.

இவ்வளவு திறமையிருந்தும், நாட்டவர்க்கு எட்டாதபடி வைக்கப்பட்டிருந்த மிக உயர்ந்த நிருவாகப் பதவிகள் அவருக்கு நெடுங்காலம் எட்டாவாயின. பின்னே வந்த ஐரோப்பியர் அவரை முந்திச் சென்றனர். அவர் மனங்கசந்து கடமையிற் குறைந்தாருமல்லர். தயவுவேண்டித் தம் நிலையைத் தாழ்த்தினாருமல்லர். 1912ஆம் ஆண்டிலே நிருவாக சபையில் இடம்பெற்று, 1913இலே ஓய்வுபெற்றார். நைட் பட்டமும் அரசரால் அளிக்கப்பெற்றது.

நட்பும் ஞானநாட்டமும்

உத்தியோகச் சுமைக்கிடையிலே அவர் உள்ளம் நாடியது ஞானநூல்களையும் ஞானிகளையுமே. தில்லைநாத சுவாமிகளுடைய சீடராய், இலக்கணப் புலமையால் இலக்கணம் இராமசாமி எனப் பெயர்பெற்ற பெரியாரைக் குருவாகக் கொண்டு வழிபட்டார். கேம்பிறிட்ஜிலே கற்ற நீதிபதி, ஆங்கிலமறியாத ஓர் எளிய துறவியின் முன்னே தரையிலிருந்து உபதேசங் கேட்டல் அக்காலத்து உத்தியோக உலகத்துக்கு வியப்பாயிருந்திருக்கும். அவருக்கு அது இயல்பாயிருந்தது.

1880ஆம் ஆண்டையடுத்துக் காப்பென்டருக்கு அவர் பகவற்கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பொன்றைக் கொடுத்தார். அந்நூல் அவ்வாங்கிலேயர் வாழ்வில் ஒரு புதிய வாயிலைத் திறந்தது. அதன்பின் வெளிவந்த அவருடைய தலைசிறந்த நூலிலே அதன் சாயை படிந்தது. 1890ஆம் ஆண்டிலே காப்பென்டர் இலங்கைக்கு வந்து நண்பரோடு தங்கி, அவர் காட்டிய ஞானியாகிய இராமசாமி அவர்களிடத்திலே வாரக்கணக்காகச் சென்று ஞானவிசாரஞ் செய்தார். நாடு திரும்பியபின் 1892இலே வெளியிட்ட தம் யாத்திரை நூலிலே அந்த ஞானியைப் பற்றியும் அவர் உபதேசத்தைப் பற்றியும் விரிவாக எழுதினார். அருணாசலம் அவர்கள் ஞானத்தைப் பற்றி அவருக்கு எழுதிய கடிதங்களும் 1927ஆம் ஆண்டிலே நூலாக வெளிவந்தன.

அயலாரிடத்தில் அவர் கற்றது மிகுதி. அதற்குக் கைம்மாறாகத் தம்மிடத்திலுள்ளதைக் கொடுக்கவும் அவர் அறிந்திருந்தார். கொடுப்பதற்கு ஒன்றுமில்லாதவன் விருந்திலே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்பவனாகவே இருப்பான். இறுதியில் தன்னையும் இழப்பான். தம் வீட்டுச் செல்வம் இன்னதென்று அறிந்தவரே பிறர் செல்வத்தைக் கண்டு மயங்காதிருப்பர். இதனை உணர்ந்த அருணாசலம் அவர்கள் மாணிக்கவாசக சுவாமிகள், தாயுமான சுவாமிகள் திருப்பாடல்களிலும் புறநானூற்றுச் செய்யுட்களிலும் சிலவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஞானவாசிட்டத்தின் பகுதிகளையும் விளக்கினார். பொலன்னறுவையிலே அகழ்ந்தெடுக்கப்பட்ட நடராச வடிவமும் சமயகுரவர் வடிவங்களுமாகிய வெண்கலத் திருவுருவங்களைப் பற்றி வேத்தியல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையிலே கட்டுரை எழுதி, சிவவழிபாட்டின் உட்பொருளை ஆங்கிலங் கற்ற அறிஞர்க்கு எடுத்துரைத்தார். அவற்றை வெறுஞ் சிற்பப் பொருளென்று கண்டோர் முன்னே, அவை வழிபடு தெய்வமென்பதையும், அத்திருக்கூத்து ஐந்தொழிலைக் குறிக்கும் என்பதையும் விளங்கச் சொன்னார். 1917ஆம் ஆண்டிலே அக்கிளைச் சங்கத்துக்குத் தலைவருமாயினார். கதிர்காமக் கந்தன் வழிபாடு பற்றியும் ஓர் ஆராய்ச்சி எழுதினார்.

ஆங்கிலத்திலே எழுதினமையால் அவர் தமிழைப் புறக்கணித்தார் என்று எண்ணுதல் தவறு. ஆங்கிலங் கற்றுத் தம் சமயத்தை மறந்த நம்மவர்க்கு அவர்கள் அறிந்த மொழியிலேயே அதனைத் திரும்பக் காட்டவேண்டியிருந்தது. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906ஆம் ஆண்டிலே இயக்கமொன்றைத் தொடங்கியபோதும், நம் மாணவர் தாய்மொழியையும் தம் நாட்டு வரலாற்றையும் அறியாமல் வளர்தலை அவர் பெருங்குறையாக எடுத்துக்காட்டினார். அம்முயற்சியின் பயனாக 1921இலே கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. 1942இலே அது இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று.

நாட்டுப் பணியும் வாக்குறுதியும்

ஓய்வுபெற்ற பின்னர் இளைப்பாறாமல், 1915ஆம் ஆண்டிலே சமூகசேவைச் சங்கமொன்றை நிறுவி ஏழைகளுடைய கல்வி, சுகாதாரம், உறையுள் என்பவற்றுக்காக உழைத்தார். தேயிலைத் தோட்டங்களிலே தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் படுந் துன்பம் அவரை மிக வருத்தியது. வேலையைவிட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையிலிடும் சட்டங்கள் அக்காலத்தில் இருந்தன. ஒரு தோட்டத்தில் பட்ட கடனைத் துண்டில் எழுதி, அதனைத் தீர்ப்பவன் தோட்டத்துக்கே தொழிலாளியைக் கைமாற்றுந் துண்டுமுறையும் இருந்தது. அவர் இவற்றை வன்மையாக எதிர்த்தார். 1919ஆம் ஆண்டிலே தொழிலாளர் நலச் சங்கமும் அவரால் ஏற்பட்டது. துண்டுமுறை 1921இலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அரசாங்க உத்தியோகத்தின் மேற்படியில் இருந்தவர் தோட்டக்காட்டு லயத்திலுள்ளோர்க்காகப் பேசியது, உயிர்களிடத்து அன்பே சிவத்தினிடத்து அன்பு என்னும் நம் கொள்கையின் செயல்வடிவம்.

1917ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் நாட்டின் அரசியற் றேவைகளைப் பற்றி அவர் செய்த பிரசங்கம் பெருங் கிளர்ச்சியை உண்டாக்கியது. 1919ஆம் ஆண்டு டிசெம்பரிலே இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றியது; சிங்களரும் தமிழரும் ஒருமித்து அவரையே அதன் முதற் றலைவராக்கினர். மேல்மாகாணத்துத் தமிழருக்குப் பிரதிநிதித்துவம் அளிப்பதைப் பற்றி முன்னரே கொடுக்கப்பட்ட வாக்குறுதி ஒன்று இருந்தது. அது காக்கப்படவில்லை என்று கண்டபோது, தாமே வளர்த்த அச்சபையைவிட்டு 1921இலே நீங்கினார். 1923இலே இலங்கைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அரசியலிலே அவர் முடிவைப் பற்றிப் பலர் பலவாறு கூறுவர். அரிச்சந்திரன் சரித்திரத்தை உலகுக்கு அளித்த குடும்பத்திலே பிறந்தவர் வாக்கின் பொருட்டுப் பதவியைவிட்டது வியப்பன்று என்று நாம் கூறுவோம். தம்மைத் தலைவராகக் கொண்டாடிய கூட்டத்தை எதிர்த்துத் தனித்து நிற்றற்கு வேண்டும் மனவலியை, அயல்நாட்டிலே தனித்து நின்ற இளமையே அவருக்கு அளித்திருந்தது போலும்.

மதுரையில் முடிவு

இறுதியில் அவர் நாடியது தலயாத்திரையையே. தென்னாட்டுத் திருத்தலங்களைத் தரிசிக்கச் சென்ற அவர், 1924ஆம் ஆண்டு சனவரி மாதம் 9ஆந் திகதி மதுரையம்பதியிலே, சோமசுந்தரப் பெருமான் எழுந்தருளியிருக்கும் நகரத்திலே, தமது எழுபதாவது வயதில் சிவபதமடைந்தார். கொழும்பிலே தொடங்கிக் கேம்பிறிட்ஜ் வரை சென்ற வாழ்க்கை திருவாலவாயிலே நிறைவுற்றது.

சைவ நன்மக்களே! அருணாசலம் அவர்கள் காலத்திலே நம்மவருள் கடல் கடந்து கற்கச் சென்றோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். இன்றோ நம் பிள்ளைகள் பல்லாயிரவர் இலண்டனிலும் தொறன்ரோவிலும் சிட்னியிலும் ஒஸ்லோவிலும் வாழ்கின்றனர். பலர் அங்கேயே பிறந்தவர். விரும்பிச் சென்றோர் சிலர். போரினால் துரத்தப்பட்டோர் பலர். அவர்க்குக் கோயில்கள் எழுந்துள்ளன, தேர்த்திருவிழாக்கள் நடக்கின்றன. அவை மகிழ்ச்சிக்குரியன. ஆயினும் கோயிற் புறத்தில் ஒரு முகமும் அலுவலகத்தில் ஒரு முகமுமாகப் பிள்ளைகள் வளர்வாராயின், கட்டிய கோபுரங்கள் மாத்திரம் அவரைக் காவா.

அவர்க்கு நாம் என்ன கொடுத்தனுப்புகின்றோம்? அஞ்சி ஒதுங்கும்படி சொல்லியனுப்பினால், அந்நியருடைய முதற் புன்சிரிப்பிலேயே அவ்வச்சம் கரைந்துபோம். அச்சத்தோடு சமயமும் போம். கேட்கும் வினாவுக்கெல்லாம் வாய்மூடு என்று அடக்கினால், விடையை வேறிடத்திற் றேடுவர். தம் நூல்கள் என்ன சொல்லுகின்றன என்பதைத் தமிழிலும், இயலாதாயின் அவர் அறிந்த மொழியிலும், பொருளோடு கற்பித்து அனுப்புதல் நம் கடன். கையூட்டு வாங்காமை, சொன்ன சொல் தவறாமை, தம்மினும் எளியாரை இகழாமை என்னும் இவற்றை நம் இல்லங்களிலே கண்ணாரக் காட்டி அனுப்புதல் அதனினும் பெருங்கடன். பொன்னம்பல முதலியார் தம் புதல்வருக்குக் கொடுத்தனுப்பியது இதுவே. அதனாலேதான் அப்புதல்வர் எத்தனை தூரஞ் சென்றும் வழிதவறாது மதுரைக்கு வந்து சேர்ந்தார்.

திருச்சிற்றம்பலம்.